தர்ஷினியின் பை

3.6, திங்கள்
விடாத மழை. சப்பாத்து காயவே இல்லை. புதன்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருகிறார்கள், நூலகமும் புரொஜெக்டரும் பார்க்க. செய்ய வேண்டியவை:
புத்தகங்களில் பூஞ்சணம் துடைக்க.
நூலகப் பூட்டுக்கு எண்ணெய்.
புரொஜெக்டரைப் பெட்டியிலிருந்து எடுக்க (வந்து ஒரு வருஷம்!).
வீட்டில் சமையல் கேஸ் முடிந்துவிட்டது. கொட்டகலைக் கடையில் சொல்லிவைக்க.
நூலகம் பூட்டிக் கிடப்பது என்னால்தான். ஒரு புத்தகம் தொலைந்தாலும் பொறுப்பாசிரியையான என் தலையில்தான் விழும். அதனால் யாருக்கும் கொடுப்பதில்லை.

4.6, செவ்வாய்
பின்னேரம் புரொஜெக்டர் ஒத்திகை. படம் சுவரில் பாதி, தரையில் பாதி. விஞ்ஞானம் படிப்பிக்கும் சேருக்கும் திருத்தத் தெரியவில்லை. கையில் கிடைத்ததை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினேன்.
தரம் ஏழு தர்ஷினி கதவருகே. "டீச்சர், அந்தத் திமிங்கிலப் புத்தகம் இருக்குங்களா?" போன தவணையிலிருந்து இதே கேள்வி.
"நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க. அப்புறம் பாக்கலாம், போம்மா."

5.6, புதன்
வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து உட்கார வைத்தேன். போட்டோ. "நூலகத்த நல்லா பாவிக்கிறீங்க டீச்சர்," என்றார் அதிகாரி. வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.
வாகனம் திரும்பியதும் எல்லாவற்றையும் பிடுங்காத குறையாக வாங்கி எண்ணினால் திமிங்கிலம் இல்லை. அதைக் கேட்டது தர்ஷினி ஒருத்திதானே.
"பையைக் கொண்டா."
வகுப்புக்கு முன்னால் மேசையில் கொட்டினேன். கொப்பிகள், ரொட்டிப் பொட்டலம், ஒரு ஈரச் சட்டை. அவ்வளவுதான்.
பின்வரிசையில் யாரோ, "அவ லயத்து வீட்டுல தேடுங்க டீச்சர்." சிரிப்பு. நான் அதட்டவில்லை.
அவளே பொறுக்கி அடுக்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன்.

6.6, வியாழன்
தர்ஷினி வரவில்லை. மழையால்தான் என்று எழுதப் போனேன். பொய்.
ஈரம் ஏறுமுன் புரொஜெக்டரைப் பெட்டியில் வைக்கச் சொன்னார் பாடசாலை அதிபர். தூக்கினேன். அடியில் திமிங்கிலப் புத்தகம். முட்டுக்கொடுத்தது நான். அட்டை சூட்டில் வளைந்திருந்தது.
"கெடைச்சிருச்சில்ல, விடுங்க டீச்சர்," என்கிறார் விஞ்ஞான சேர். சத்தமில்லாமல் அலுமாரியில் வைத்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. சீ, என்ன மனுஷி நான்.

7.6, வெள்ளி
வந்தாள். வகுப்பு முன்னால் சொன்னேன்: "புத்தகத்தை புரொஜெக்டருக்கு அடியில வச்சு மறந்தது நான். தர்ஷினி எடுக்கல. என்மேலதான் பிழை. மன்னிச்சிரும்மா." புத்தகத்தை நீட்டினேன். "வீட்டுக்குக் கொண்டு போ. எத்தன நாள்னாலும் வச்சுக்க."
வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
"நூலகக் கொப்பியில எம் பேர எழுதிட்டுக் குடுங்க டீச்சர். இல்லாட்டி பெறகு எங்கிட்டதான் தேடுவீங்க."