நடு வீடு

மேஜைமேல் கிடக்கும் ஜல்லிக்கல் இன்று காலை கையில் தட்டுப்பட்டது. காகிதம் பறக்காமலிருக்க அதைத்தான் வைக்கிறேன். எடுத்த கல்லைக் கீழே வைக்க முடியவில்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, இன்னும் உன்னிடம் பேசாமல் இருக்க என்னால் ஆகாது.

தாம்பரத்தில் ஒன்றாக டைப்ரைட்டிங் கற்ற நம் இருவருக்கும் ஒரே நாளில் கிடைத்த வேலை அது. தாலுகாவில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாத வருமானம் என்ன என்று மதிப்பிடும் சர்வே. பட்டியலில் விழுந்த வீடுகளுக்கு மட்டும் போவோம், அதை வைத்து முழுத் தாலுகாவுக்கும் கணக்கு. சராசரி எடுத்தால் ஒரே ஒரு பங்களாக்காரர் எல்லோரையும் பணக்காரராக்கிவிடுவார். அதனால் வீடுகளை வருமான வரிசையில் வைத்து நடுவில் இருப்பதைப் பிடிக்க வேண்டும் என்பார் சர்வேயை நடத்திய நம் சார். "நடு வீடு பொய் சொல்லாதும்மா" என்பது அவருடைய வேதவாக்கு.

நீ யாரிடமும் எடுத்தவுடன் வருமானம் கேட்க மாட்டாய். "இன்னிக்கு என்னக்கா சமையல்?" என்பாய். பேசிக்கொண்டே அடுப்பைப் பார்த்துவிடுவாய். "சம்பளத்த ஏத்தியும் சொல்வாங்க, இறக்கியும் சொல்வாங்கடி. அடுப்புக்கு அதெல்லாம் தெரியாது" என்று வழியெல்லாம் பீற்றிக்கொள்வாய்.

செம்பாக்கத்தில் பட்டியல் உன் வீட்டின்மேலேயே விழுந்தது. சொந்த வீட்டைத் தானே எழுதக்கூடாது என்பது விதி, அதனால் நான் வந்தேன். வீட்டுக்காரம்மா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, காதை நம் பக்கம் வைத்திருந்தார்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு வேலைக்குப் போய்க்கினுதானே கீறாரு? வாடகை இன்னும் வரல."

நீ அவருக்குக் கேட்கும்படி சத்தமாக உன் கணவரின் ஆலைச் சம்பளத்தைச் சொன்னாய். நான் எழுதிக்கொண்டேன். பிறகு பழக்கதோஷத்தில், "என்னடி சமையல்?" என்றேன்.

"அடுப்பப் பாக்காதடி" என்றாய், உதடு மட்டும் அசைய. அதற்குள் பார்த்துவிட்டேன். சாம்பல்கூடப் பழையதாக இருந்தது.

ஏரிக்கரையில் நடக்கும்போது சொன்னாய். கணவருக்கு ஆலையில் வேலை போய் மாதக்கணக்காகிறது. அது தெரிந்தால் வீட்டுக்காரம்மா அன்றைக்கே சாமானைத் தெருவில் வைத்துவிடுவார். பிள்ளைகள் ஒரு வேளை பன்னாவது சாப்பிடுவது உன் சர்வே சம்பளத்தில்தான். சர்வேயோ, நடு வீடு கிடைக்கிற அன்று முடிந்துவிடும்.

கடைசி நாள் சர்ச் ஹாலில் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினோம். குறைந்த வருமானம் வாசல் பக்கம், அதிகம் மேடைப் பக்கம். பறக்காமலிருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு ஜல்லிக்கல். நீ வாசலிலிருந்தும் நான் மேடையிலிருந்தும் ஆளுக்கொரு தாளாக எடுத்துக்கொண்டே நெருங்கி வர வேண்டும். மிஞ்சுவதுதான் நடு வீடு. ஒவ்வொரு கல்லையும் மனமில்லாமல் எடுத்தாய். நானும் மெதுவாகத்தான் வந்தேன். எவ்வளவு மெதுவாக வந்தால் என்ன, ஹாலுக்கு ஒரு நடு இருக்கிறதே.

மிஞ்சியது உன் தாள்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். பிறகு அதை எடுத்துக்கொண்டு சாரிடம் போனாய். "இது பொய் சார். இந்த வீட்ல என் சம்பளத்தத் தவிர ஒண்ணுமில்ல, அதுவும் இன்னியோட சரி. இத வாசல் ஓரம் மொதத் தாளா வைக்கணும் சார்." கணக்கைத் திருத்த இன்னும் நாலு நாள் வேலை நீளாதா என்கிற நப்பாசை உன் குரலில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அவர் நியாயமான மனிதர்தான். தாளை வாங்கி நீ சொன்ன இடத்தில் வைத்தார். நடுவுக்கு இப்போது வரவேண்டிய, நீ கடைசியாக எடுத்திருந்த தாளைப் பார்த்தார். அதுவும் அதே ஆலை, அதே சம்பளம்.

"தொகை மாறலையேம்மா. ஒரு வீடு எவ்வளவு கீழ போனாலும் நடு அசையாது. அதான் இந்தக் கணக்கோட நல்ல குணம்" என்றார்.

நல்ல குணமாம். எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. உன் தாளின்மேல் இருந்த கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

வாடகை நின்றதும் வீட்டுக்காரம்மா காலி செய்ய வைத்தார். பல்லாவரம் கல்குவாரி ஓரம் குடிசை போட்டீர்கள். டைப் அடித்த விரல்களால் ஜல்லி உடைத்தாய். பார்க்க வந்த என்னை, இருமிக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாய். "இப்ப எரியுதுடி, வந்து பாரு" என்று அடுப்பைக் காட்டினாய். அந்த மழையில் உன் நெஞ்சு தாங்கவில்லை.

அறிக்கையில் நம் தாலுகாவின் நடு வீட்டு வருமானம் அதே தொகையாக அச்சாகியிருக்கிறது. நான் இப்போதும் சர்வே வேலைக்குத்தான் போகிறேன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் அடுப்புக்குப் போகிறது. எரிந்தால் உட்கார்ந்து எழுதுகிறேன். எரியாவிட்டால் என்ன செய்வதென்று நீ எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லையேடி.