உன் அண்ணன் பட்டறைக் கிணறு

நேற்று டிரை கிளீனிங் கடையிலிருந்து பட்டுப்புடவையை வாங்கி வந்தேன். உறையைப் பிரித்ததும் சலவைத் திரவத்தின் லேசான இனிப்பு வாசனை. பழக்கதோஷம், இன்னொரு முறை முகர்ந்தேன். "மோப்பம் பிடிக்கவா நமக்குச் சம்பளம்? போய் ஆளுங்களைக் கேளுடி" என்று நீ திட்டுவது காதில் விழுந்தது. நீ போன பிறகு என்னைத் திட்ட ஆளே இல்லை.

விற்கப்போகும் நிலத்தில் என்ன நஞ்சு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதானே நம் வேலை. இரண்டாயிரத்துப் பதினாறு கோடையில், நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு மோட்டார் பட்டறைக்கு நம்மை அனுப்பினார்கள். ஜீப் அந்தத் தெருவில் திரும்பிய பிறகுதான், "இது எங்க அண்ணன் பட்டறைடி" என்றாய். உடனே ஆபீசுக்கும் சொன்னாய். வேறு ஆள் இல்லை, சொந்தக்காரி நீ தொடாமல் தண்ணீரை நான் எடுக்கட்டும் என்றார்கள்.

அண்ணன் நமக்கு மோர் கொடுத்தார். மோட்டாரில் கிரீஸ் போக எதில் கழுவுவீர்கள் என்று நீ கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னார்.

"ட்ரைகுளோர்தாம்மா. கழுவினத வாசல்ல ஊத்திக்கினு இருப்போம், கரண்டு ஆலை சாம்பத் தூசி அடங்கணுமில்ல. அது காத்துல போயிடும்."

"பாதிதாண்ணே காத்துல போவும். மீதி தண்ணியவிட கனம். அடியில போய் உக்காந்துக்கும்."

ட்ரைகுளோர், நேற்றுப் புடவையில் முகர்ந்த சலவைத் திரவத்தின் இனம்; நஞ்சு. வாசலை ஒட்டித்தான் அவர்கள் குடிக்கும் கிணறு. அவர் குரலைத் தாழ்த்தினார். "மண்ணெண்ணெய்னு எழுதிடும்மா. இத வித்துதான் வடலூர்ல புதுசா பட்டறை போடணும்."

"உங்க பாப்பா இந்தத் தண்ணியதான குடிக்கிறா?" என்று மட்டும் கேட்டாய்.

கிணற்றின் அடிவரை குழாய் இறக்கி எடுத்தேன். குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது, நின்றால் ட்ரைகுளோர் அதில் ஆவியாகிவிடும். நான் அதைக் கவிழ்த்துத் தட்டுவதைத் தள்ளி நின்று பார்த்தாய். திரும்பும்போது ஜீப்பில் அழுதாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

சோதனையில், அடித் தண்ணீரில் ட்ரைகுளோர் இருந்தது. விற்பனை நின்றது, அண்ணனும் உன்னோடு பேச்சை நிறுத்தினார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். நீ ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று அவர் பந்தல் ஓரம் நின்றிருந்தார். நறுக்கென்று ஏதாவது கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவரே ஆரம்பித்தார்.

"தங்கச்சி மாசாமாசம் போன் பண்ணும்ங்க. 'அண்ணே, தண்ணி எங்க புடிக்கிறீங்க'ன்னு கேக்கும். நான் பேசாம வெச்சிடுவேன். ரிப்போர்ட் வந்த அன்னிக்கே கெணத்த மூடிட்டேங்க. அத ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்."

என் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

இப்போது மாதாமாதம் நான் அவருக்குப் போன் செய்கிறேன். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்கிறேன். "பஞ்சாயத்துக் கொழாய்லதாங்க" என்று, உன்னிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்.