ராணியின் மூக்கு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன், வாசப்படி தாண்டாம. நான் வேல பாக்கற பழங்காசுக் கடையில ஒரு காசு காணோம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளிக்காசு, ராணி தலை போட்டது. நூத்தி அம்பது வருஷப் பழசு. அப்ப அதுக்கு ஒரு ரூபாதான் மதிப்பாம். இப்ப முதலாளி சொல்ற விலைய எழுதவே கை கூசுது. என் அடையாள அட்டைய எடுத்து வச்சுக்கிட்டு, "காசு வரட்டும், அப்ப போ"ங்கறாரு. வெளிப்பக்கம் பூட்டு. டீக்காரர் ஜன்னல்ல டம்ளர் நீட்டுவாரு, அவர்கிட்டதான் இந்த லெட்டரக் குடுக்கறேன். காலர் திருப்பித் தைக்க அனுப்பின சட்டைய உதறிப் பாருக்கா. அந்தப் பையில ஓட்டை, காச அதுலதான் போட்ட ஞாபகம்.

உன் தம்பி

மார்ச் 9

என் தங்கத்துக்கு,

கிடைச்சிருச்சுடா! அத சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. எதிர்வீட்டுக்காரி தையல் மிஷின இரவல் கேட்டா. குடுப்பேனா? போன தடவ ஊசிய ஒடிச்சவ. அவள விரட்டிட்டு வந்து உக்காந்தா, சட்டைப் பையோட அடிமடிப்புல கனமா என்னமோ ஆடுது. பிரிச்சா, அடுப்புக்கரி மாதிரி ஒரு வட்டம். ராணிக்கு மூக்கே தெரியல, பாவம். முதலாளிகிட்ட அழுக்கோடவா குடுக்கிறது? சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டு அரை நாள் தேய்ச்சேன். இப்ப முகம் பாக்கலாம் போ! மூக்கு கிளி மூக்கு. திருப்பின காலருக்குள்ள வச்சுத் தைச்சு டீக்காரர் பேருக்கு அனுப்பியிருக்கேன். முதலாளி மனசு குளிர்ந்துரும். மாடி ரூம கூட்டி வச்சிருக்கேன், வந்துரு.

அக்கா

மார்ச் 17

அக்கா,

காசு வந்துச்சு. முதலாளி திட்டவே இல்ல. காச எடுத்து தராசுல போட்டாரு. "இனிமே இது வெறும் வெள்ளி"ன்னாரு. அந்தக் கறுப்புதான்க்கா விலையே. அது வருஷக்கணக்கா தானா படியணும். தேய்ச்சா போச்சு. எனக்குத் தெரியும், தேய்க்காதேன்னு உனக்கு ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்.

"யாரு தேய்ச்சது?"ன்னு கேட்டாரு. கடைப் பலகைக்கு அடியில கிடைச்சுது, நான்தான் தேய்ச்சேன்னு சொல்லிட்டேன். உன் பேரு அவர் காதுல விழ வேண்டாம்.

"கறுப்பு திரும்பி வரட்டும், அப்ப போ"ன்னு சிரிச்சாரு. தமாஷுன்னு நானும் சிரிச்சேன். அவரு சிரிப்ப நிறுத்திட்டு பூட்ட எடுத்தாரு.

மாடி ரூம வாடகைக்கு விட்டுரு அக்கா. காலர் நல்லா தைச்சிருந்த. காசு எடுக்கப் பிரிச்சத நானே திரும்பத் தைச்சுப் போட்டிருக்கேன், கோணலா.

தம்பி