நட்டில் ஒரு மஞ்சள் பொட்டு

யூலை 14, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காத்து. காலையிலேயே நெருப்பாகச் சுடுகிறது. வீட்டு வாசல் கேற்றுக்கு மஞ்சள் பெயின்ற், இரண்டாம் பூச்சு.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். எழுதி வைக்கிறேன், நாளைக்கு ஒருத்தரும் மறுக்கக் கூடாது. மருமகன் குகன் அந்த யப்பான் காரைக் கொண்டு வந்த அன்றே சொல்லிவிட்டேன், கியர் தானாக விழுகிற வாகனம் ஒரு நாள் நடுவழியில் காலை வாரும் என்று. துறைமுகத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கப்பல் எஞ்சினியர்மார் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள்.

இன்று பத்து மணி. கிண்ணியாப் பாலத்தின் சரி நடுவில் நின்றுவிட்டது. வாடகைக்குப் பிடித்து மூதூருக்குப் போகிற ஆட்கள் நாலு பேர் உள்ளே. குகன் போனில்: "எஞ்சின் கத்துது மாமா. முன்னுக்குப் போட்டாலும் பின்னுக்குப் போட்டாலும் அசையுதில்ல."

பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேரும்போது காரை நாசீரின் கராஜுக்குத் தள்ளிவிட்டார்கள். பாலம் இறங்கியதும் அவன் இடம்தான். என் கூட்டாளி, இருபத்தைந்து வருஷம். கியர்பொக்ஸ் வேலையில் அவனுக்கு நிகர் இந்தப் பக்கம் இல்லை. அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னதும் நான்தான்.

நாசீர் கியர்பொக்ஸ் ஒயில் அளக்கிற கம்பியை இழுத்து மணந்து பார்த்தான். கறுப்பு. கருகின மணம்.

"இது கம்பனியால வந்த ஒயில் தம்பி. ஒரு நாளும் மாத்தல்ல."

குகன் என்னைப் பார்த்தான். போன வருஷம் அவன் கட்டாரில். கார் என் பொறுப்பு. கியர்பொக்ஸ் ஒயில் மாற்றச் சொல்லி மூன்று தரம் போன் எடுத்தவன்.

"மாமா, இஞ்சதானே மாத்தினனீங்கள்?"

"ஓம். நாசீர்தான் மாத்தினவன். நான் பக்கத்தில நிண்டனான்."

"எண்ட கராஜிலயா அண்ணன்?"

"இஞ்சித் தேத்தண்ணியும் தந்தனீ. மறந்திட்டியே?"

நாசீர் கம்பியைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு நின்றான்.

யூலை 15, புதன்

வாங்க: மண்தாள், சின்னத் தூரிகை, தலையிடிக் குளிசை.

குகன் ஹயர் வாகனங்கள் நிற்கிற இடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். "பிழையான ஒயில ஊத்திப்போட்டு இப்ப மாத்தவே இல்லையெண்டு சொல்லுது, அந்த மனுசன்." நாசீரிடம் போக இருந்த இரண்டு வான்காரர் வேறு இடம் பார்க்கிறார்களாம். பொறுமையாக இரு என்று குகனை நான்தான் அடக்கினேன். எனக்குப் பெரிய மனது.

பின்னேரம் நாசீர் போன்.

"அண்ணன், நான் பூட்டுற நட்டுக்கெல்லாம் மஞ்சள் பொட்டு வைக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. வாகனம் தூக்கிற ஜக்குக்கு மேல இப்ப லொறி ஒண்டு நிக்குது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய உங்கட காரத் தூக்கி ஒயில் வடிக்கிற நட்டப் பாப்பம். பொட்டு இருந்தா எண்ட பிழை. வேற கியர்பொக்ஸ் நானே போட்டுத் தாறன்."

நியாயமான கதை. அப்படியே செய்வோம் என்றேன்.

குளிசை இரண்டு போட்டும் தலையிடி நிற்கவில்லை.

யூலை 17, வெள்ளி

காத்து குறையவில்லை. பத்தரை பஸ்.

கார் மேலே தூக்கியபடி. நாசீர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகிறபோது சொன்னான்: "கராஜைப் பாத்துக்கொள்ளுங்க அண்ணன். ஆடு உள்ளுக்கு வரும்."

முழுக் கராஜும் என்னை நம்பி. இரண்டு ஆடு கலைத்தேன். கையில் பெற்றோல் மணம், சவர்க்காரம் போட்டும் போகவில்லை.

இரண்டு மணிக்குக் குகன் வந்தான். நாசீர் லைற்றோடு காருக்குக் கீழே போனான். குகனும் குனிந்து பார்த்தான். நட்டில் மஞ்சள் பொட்டு. நாசீர் வைத்தது.

"நான் சொன்னனான்தானே," என்றேன்.

நாசீர் கனநேரம் கீழேயே கிடந்தான். வெளியே வந்து சாரத்தைத் தட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் தம்பி. பொட்டு இருக்கு. பொறுப்பு எண்ட."

குகன்: "வயசு போனா வேலைய விடோணும் நாசீர் காக்கா. சனத்தின்ர வயித்தில அடிக்கக் கூடாது."

அவனைக் கண்டித்தேன். மனதுக்குள்.

யூலை 18, சனி

ஊருக்குள் திரிகிற மான் ஒன்று, நேற்றுப் பின்னேரம் பூசின கேற் காயமுதல் அதில் உரசிவிட்டுப் போயிருக்கிறது. வயிற்றில் மஞ்சளோடு தபாற்கந்தோர்ப் பக்கம் நிற்கிறதாம். ஊரே சிரிக்கிறது.

மனைவி பாக்கியம் சிரிக்கவில்லை. மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நாசீர் மறக்கிற ஆள் இல்லையே. ஒயில் மாத்தப் போறன் எண்ட அண்டைக்கு நீங்கள் அந்தக் காரில புல்மோட்டைக் கலியாணத்துக்கெல்லோ போனனீங்கள்?"

"அது வேற கிழமை."

"உங்கட வாயை ஒருக்கா சேர்விசுக்கு விடோணும்."

படித்த பெண்ணைக் கட்டியிருக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு.

யூலை 21, செவ்வாய்

கார் வந்துவிட்டது. தண்ணீர் மாதிரி ஓடுகிறது. மோதிக் கிடந்த காரொன்றின் கியர்பொக்ஸாம், நாசீர் தன் மச்சானின் வானுக்கென்று வைத்திருந்தது. ஒரு சதமும் வாங்கவில்லை.

நான்தான் எடுக்கப் போனேன். கராஜில் வேறு வாகனம் இல்லை. ஒரு சைக்கிள்.

"இனி கியர்பொக்ஸ் வேல இல்ல அண்ணன். பிரேக், ரயர் மட்டும். சனம் நம்பாது."

நாலு நாளில் மறந்துவிடும் என்றேன். பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கையில் தந்தான். அவன் பொட்டு வைக்கிற மஞ்சள் பெயின்ற் ரின்.

"எனக்கு இனித் தேவையில்ல. உங்கட கேற்றுக்கு உதவும்."

வழமையாகத் தருகிற தேத்தண்ணி இல்லை.

யூலை 23, வியாழன்

காத்து நின்றுவிட்டது. மான் உரசின இடத்துக்குப் பூச நாசீரின் ரின்னைத் திறந்தேன்.

அவன் மஞ்சள் பழுத்த மாம்பழ நிறம். என் கேற் எலுமிச்சை நிறம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். லைற் அடித்துப் பார்த்த நாசீருக்குத் தெரியாமலா?

வெள்ளிக்கிழமை "நாசீர் வைத்தது" என்று மேலே எழுதியிருக்கிறேன். இல்லை. அது இந்தக் கேற் பெயின்ற். மருந்துப் போத்தலில் கொண்டுபோனேன். நட்டைப் பெற்றோலால் துடைத்துவிட்டு வைத்தேன். போன வருஷம் ஒயில் மாற்ற நான் அங்கே போகவே இல்லை.

மற்றதெல்லாம் நடந்ததுதான்.