திருமேனி குரலுக்கு அடியில் ஓர் இரைச்சல்

செவ்வாய்க் கிரகம், தென்துருவத் துளைப்பு நிலையம்
பதிபவர்: இசக்கியம்மாள், பொறியாளர். தனி ஆள்.

நாள் 203, காலை

துளைப்பான் ஓடுகிறது. பனி மாதிரிகளின் தரவைப் பூமிக்கு அனுப்பியாயிற்று. காற்றுச் சுத்திகரிப்பான் இரண்டில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது. மற்றது இருமிக்கொண்டு ஓடுகிறது. அது நிற்பதற்குள் மீட்புக் கப்பல் வந்துவிடும். ஓட்டி வருவது என் புருஷன் திருமேனி. கப்பலின் ஆண்டெனா சிறியது என்பதால் அவன் செய்திகள் பூமிக் கட்டுப்பாட்டு அறை வழியாகத்தான் எனக்கு வருகின்றன.

ஹெட்போன் உடைந்துவிட்டது. போகட்டும் சனியன். துணிமணிக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் தூக்கி வந்தவள் நான். அதில் கேட்டேன்.

"ஏளா இசக்கி, சாப்ட்டியா? ஜன்னல்ல செவ்வா செக்கச்செவேல்னு தெரியுது. வந்துட்டே இருக்கேம்லா."

அறை முழுக்க அவன் குரல். அழுகையே வந்துவிட்டது. குரலுக்கு அடியில் மட்டும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எர்த் ஒயர் சரியில்லை போலிருக்கிறது.

நாள் 204, மதியம்

இரைச்சலைத் தேடியே பொழுது போயிற்று. ஆம்ப்ளிஃபையர் ஒரு எர்த்திலும் ரிசீவர் வேறு எர்த்திலும் இருந்தால் இப்படித்தான் முனகும். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினேன். போகவில்லை. ஒயரை மாற்றினேன். போகவில்லை. ரிசீவர் ஒயரைப் பிடுங்கினேன், கப்சிப். மறுபடி செருகிப் பாட்டுப் போட்டேன், சுத்தமாக இருந்தது. கட்டுப்பாட்டு அறை லீலாவதி மேடத்தின் பழைய செய்தியைப் போட்டேன், அதுவும் சுத்தம்.

திருமேனியின் செய்திகள் மட்டும்தான் இரைகின்றன. எல்லாச் செய்தியும், முதலில் வந்ததிலிருந்தே. பேச்சுக்கென்று செய்த அந்த ஹெட்போனில் இவ்வளவு கீழ் ஒலி கேட்காது. என் செட்டில் ஒரு கோளாறும் இல்லை. வீணாக அதைத் திட்டித் தீர்த்துவிட்டேன்.

நாள் 205, காலை

அளந்தேன். நொடிக்கு ஐம்பது துடிப்பு.

நம் ஊர் வீட்டுக் கரண்டின் சத்தம் அது. இங்கே எல்லாம் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி மின்சாரம் இப்படி இரையாது. கப்பலும் அப்படித்தான். அதன் ஒயரிங் வரைபடத்தில் பாதி நான் போட்டது. பிறகு ஐம்பது எங்கிருந்து வந்தது? புதிதாக ஏதாவது பம்ப் மாட்டியிருப்பார்கள். கட்டின புருஷனைச் சந்தேகப்பட எனக்கென்ன கிறுக்கா?

நாள் 207, காலை

புதுச் செய்தி.

"ஏளா, வடக்குக் கெடங்குக்கெல்லாம் கெளம்பிராத. வண்டி பேட்டரிய துளைப்பானுக்கே குடு. நான் வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்."

'நான் வந்து' என்னும் இடத்தில் இரைச்சல் பட்டென்று நின்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கர்ரென்று, கரகரப்பாக, வேறோர் இரைச்சல்.

தமிழ்நாட்டில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் அது என்னவென்று. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்திருக்கிறது.

அட பாவி! விண்வெளியில் எந்த ஊரில்டா கரண்ட் கட்?

பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறான். அந்த இன்வெர்ட்டரைக் கடை கடையாக ஏறி வாங்கிப் போட்டவள் நான். அதன் கரகரப்பு எனக்குத் தெரியாதா? திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே கரகரப்பு.

வடக்குக் கிடங்கில் ஆள் இல்லை. ஆனால் ஆக்சிஜன் சிலிண்டர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. முதல் சுத்திகரிப்பான் செத்த அன்றே கிளம்பியிருப்பேன். வண்டியில் முழு பேட்டரி இருந்தது. அன்றைக்கும் போகாதே என்றவன் இவன். இவன் பேச்சைக் கேட்டு அந்த பேட்டரியில் பாதியைத் துளைப்பானுக்குக் கொடுத்துவிட்டேன்.

நாள் 208, காலை

நான் அனுப்பியது: "வீட்ல கரண்ட் வந்துட்டா?"

பதில் வரும்வரை ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன்.

"இசக்கி... கப்பல் கெளம்பவே இல்லளா. கெளம்பாதுன்னும் கட்டுப்பாட்டு அறைல சொல்லிட்டாங்க. ஒனக்குத் தெரிஞ்சா துளைப்பான விட்டுட்டுப் போயிருவ, தரவு நின்னுரும்னாங்க. கடைசி வரைக்கும் நீ நிம்மதியா இருக்கட்டும்னு நானும் நெனச்சேன். வேற யாரு பேசுனாலும் நீ நம்பிருக்க மாட்டேல்லா..."

உண்மைதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டே பேசியிருக்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்டானே, தினமும் கேட்டானே!

துளைப்பானை நிறுத்தினேன்.

நாள் 208, மதியம்

வண்டியில் இருந்து. பேட்டரி முக்கால் தூரத்துக்கு வரும். மிச்சத்தை நடக்க வேண்டும். உடையிலுள்ள காற்று அதற்குப் போதுமா என்று கணக்குப் போட்டேன். போதாது. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "ஏளா, திரும்பிப் போ. ஏளா, ஒரு வார்த்த பேசு." வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். ரேடியோவைக் கழற்றி அதன் பேட்டரியையும் வண்டிக்கு மாட்டினேன்.

நாள் 209

வண்டி நின்றுவிட்டது. நடந்துகொண்டே பேசிப் பதிகிறேன். மூச்சு வாங்குகிறது. கிடங்கின் கம்பம் தெரிகிறது. இல்லை, பாறை. இல்லை, கம்பம்தான்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. நிலையத்தில் அமைதியாகக் காத்திருந்தேன், அவன் குரலைக் கேட்டபடியே போய்ச் சேர்ந்தேன் என்று பூமியில் அறிக்கை வாசித்திருப்பார்கள். பக்கத்தில் நின்று அவன் அழுதிருப்பான். நம்பாதீர்கள். நான் காத்திருக்கவில்லை. நான் வடக்கே போய்க்கொண்டு