பாறைமேல் பாதி படித்தது

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

நடந்ததை எல்லாம் உண்மையாக எழுதப் போகிறேன், என் தப்பையும் சேர்த்து. நீ மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது சித்தி வீட்டில் இருந்துதான் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறேன். உன் தங்கச்சிக்கு இது ஏழாம் மாதம்.

உனக்கு இருந்த அதே மனச்சோர்வு சித்திக்கும் இருக்கிறது. மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாள். நான் உன் வயிற்றில் இருந்தபோது நீயும் சாப்பிட்டாய் என்று அவள்தான் சொன்னாள். "உங்கம்மா மாத்திரை தின்னா, நீ புக்கு தின்ற" என்று சிரிப்பாள்.

நம் ஊரில் எந்தத் தாள் வந்தாலும் படிக்கச் சொல்லி என்னிடம்தான் கொண்டு வருவார்கள். பட்டா மனு, ஆட்டுக்கு ஊசி போட்ட சீட்டு, எதுவானாலும். ஒருநாள் சித்தி கேட்டாள்: "இந்த மாத்திரையால புள்ளைக்குப் பின்னால இன்னா ஆவும்னு போன்ல பாத்து சொல்லுடி."

வீட்டில் சிக்னல் கிடையாது. புளியமரத்துக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். ஏறினேன். கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகு பதற்றமும் மனச்சோர்வும் வரலாம் என்று, போனில் வந்த ஒரு கட்டுரையின் முதல் பத்தியில் இருந்தது. தூறல் விழுந்தது. மீதியைப் படிக்காமல் ஓடிவந்து, வகுப்பில் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டேன்.

சித்தி என் கையையே பார்த்தாள். பரீட்சைக்கு முன்னால் என் விரல்கள் நடுங்குமே, அதை நினைத்திருப்பாள். அன்றிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பதினோரு நாள், அம்மா. தூக்கமே இல்லை. லைட்டை அணைக்க விடவில்லை, இருட்டானால் மூச்சு அடைக்குது என்றாள். சாமைக்கூழைக் கரைத்து வைத்துவிட்டுக் குடிக்க மறந்தாள். பதினோராம் நாள் காலையில் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். குடம்கூட எடுத்துப் போகவில்லை. "நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் பாரம் கொறையும்டி" என்றாள். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சித்தப்பா வரும்வரை கத்தினேன். சத்தியத்தை அங்கேயே உடைத்தேன்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "இத்தினி நாளு இன்னாத்துக்குடி வாய மூடினு இருந்த?" என்று மட்டும் கேட்டார். அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கி, சித்திக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் சித்தியிடம் வெகுநேரம் பேசி முடித்த பிறகு, நான் என் கையை நீட்டினேன். "பரீட்சைன்னா இது நடுங்குது. எங்கம்மா சாப்பிட்ட மாத்திரையாலயா டாக்டர்?"

"தெரியலம்மா" என்றார். "சில ஆராய்ச்சில கொஞ்சம் வித்தியாசம் பாத்திருக்காங்க. அது மாத்திரையாலயா, அம்மாவோட நோயாலயா, குடும்பத்துலயே இருக்கிறதாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியல. பெரும்பாலான புள்ளைங்க நல்லாத்தான் வளருறாங்க. ஆனா கேக்காம திடீர்னு நிறுத்தினா இன்னா ஆவும்னு நீயே பாத்துட்ட." சித்தப்பாவிடம், "கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீங்க" என்றார்.

ஒரு டாக்டர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான், அந்தத் 'தெரியவில்லை'யும் பாறைமேல் நான் படிக்காமல் விட்ட மீதியில் இருந்திருக்கும் என்று தோன்றியது.

அம்மா, உனக்கும் பயமாக இருந்ததா? என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்கும்போது யாரிடம் கேட்டாய்? உனக்குப் படித்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

மறுபடி மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் மாறவில்லை. சித்தப்பா வேலைக்கே போகாமல் சித்தி பின்னாலேயே நடந்தார். நேற்று ஒரு சொம்புக் கூழை முழுசாகக் குடித்தாள். இன்று நான் இதை எழுதுவதைப் பார்த்து வயிற்றைத் தட்டினாள். "உங்கம்மா மாத்திரை தின்னா, நீ புக்கு தின்ற. இது இன்னாத்த தின்னப் போவுதோ!" நான் அழுதுவிட்டேன். "அடச்சீ, எழுதுடி" என்றாள்.

பிறக்கப்போகும் பாப்பா ஒருநாள் என்னிடம் கேட்டால், கடைசி வரி வரைக்கும் படித்துச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன், விரல் நடுங்கினாலும். இது உனக்குச் செய்யும் சத்தியம். இதை உடைக்க மாட்டேன்.

இன்னும் எழுத நினைத்திருந்தேன். மணி எட்டுகூட ஆகவில்லை. "போதும், தூக்கம் வருது" என்று சித்தி தானே எழுந்துபோய் லைட்டை அணைத்துவிட்டாள்.

இருட்டில் கையெழுத்துப் போடும்
உன் மகள்,
பூங்கொடி