முன்பணம் வாங்க வேண்டாம்

4-2-1978

காலிதா,

பள்ளிவாசலில் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தேன். நீ இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறாய். முடியும்வரை நின்றால் ரயில் போய்விடும். மண்டபத்தில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன்.

இன்று மீரான் காக்கா இந்த வீட்டை வாங்க முன்பணம் கொண்டுவருவார். டீ கொடு, பணத்தை வாங்காதே. நான் ஒத்துக்கொண்டதை வைத்து, "மச்சான் சம்மதிச்சிட்டாகளே, தங்கச்சி" என்பார். "வீடு எங்க வாப்பா நிக்காஹுக்கு எனக்குக் குடுத்தது, காக்கா" என்று சொல்.

வக்கீல் சொன்னதை நேற்றுக் கோபத்தில் அரைகுறையாகச் சொன்னேன். இத்தனை வருஷம் வாடகைக்கு விட்டிருந்த வீடு. இப்போது விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. விற்பதற்கு முந்தைய இரண்டு வருஷம் சொந்தக்காரி நீயே குடியிருந்து, ஒரு வருஷத்துக்குள் வேறு வீடும் வாங்கினால், அதில் போடும் லாபத்துக்கு வரி இல்லை. நாம் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து வரும் பக்ரீத்தோடுதான் இரண்டு வருஷம் ஆகும். அதுவரை காக்காவைப் பொறுக்கச் சொல்.

நேற்று வாங்கிய மீனை மூடி வைத்திருக்கிறேன். பூனை சுற்றுகிறது.

தாளின் ஓரத்தில் இடம் இருக்கிறது. கலியாணமான வருஷம் நமக்கு ஒரே விளக்கு. அதை நீ அடுப்படிக்கு எடுத்துப் போவாய்; நான் இருட்டில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருப்பேன். அந்த அடுப்படிச் சுவரில் நீ பதித்த மருதாணிக் கையைத் திரும்பி வந்த அன்றே தேடினாய். குடியிருந்தவர்கள் வெள்ளையடித்திருந்தார்கள். நீ பார்க்காதபோது நானும் தேடினேன்.

நேற்றுக் கிணற்றடியில் நீ கேட்டது காதிலேயே இருக்கிறது.

"இருந்தா வரி இல்லேன்றீக. விக்காமலே இருந்துட்டா என்ன, மச்சான்?"